காது கேளாதவர் கண்டுபிடித்த பாட்டுப் பெட்டி

பாட்டுப் பெட்டியைக் கண்டுபிடித்தவர் தாமஸ் ஆல்வா எடிசன். அவருக்குக் காது சரியாகக் கேட்காது!

ஆனாலும், உலகத்திலேயே தெளிவான சத்தம் தன்னுடைய பெட்டியில் இருந்துதான் வர வேண்டும் என்று அவர் பாடுபட்டார். அதில் வெற்றியும் பெற்றார்.

ஆனால் பெரும்பாலான மக்கள் அந்தப் பெட்டியை வாங்கவில்லை. அதைவிடச் சுமாராகப் பாடிய வேறு பெட்டியை வாங்கினார்கள்.

ஏன்? அதுதான் எடிசனின் கதை.

தையல் மிஷினும் வயரும்

ராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரம், நைட்டி தைப்பதற்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே தையல் மிஷின் முன்னால் உட்காருகிற ஒருவர், பாட்டுக் கேட்டுக்கொண்டே தைக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

செல்போனில் இருந்து காதுக்கு வரும் வயர் தொல்லை கொடுக்கும். துணியோடு சேர்ந்து இழுபடும். மிஷின் சக்கரத்தில் சிக்கினால் ஆபத்து.

வயர் இல்லாத ஹெட்போன் என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதே விலைக்கு வயர் உள்ள ஹெட்போன் வாங்கினால், பெரும்பாலும் அது இன்னும் நன்றாகப் பாடும். அதற்குச் சார்ஜ் போடவும் வேண்டாம்.

எதை வாங்குவது? வசதியா, சத்தத்தின் தரமா?

இது இன்றைக்குப் பிறந்த கேள்வி அல்ல. 100 ஆண்டுகளுக்கு முன்பே இதே கேள்வி எடிசன் முன்னால் வந்து நின்றது. தரம் ஒன்றே போதும் என்று அவர் முடிவு செய்தார். அந்த முடிவு, அவர் உயிருக்கு உயிராக நேசித்த தொழிலையே கொண்டுபோய்விட்டது.

ரெயிலில் பத்திரிகை விற்ற சிறுவன்

அமெரிக்காவில், ஒகியோ மாநிலத்தில் மிலன் என்ற சிற்றூரில் 1847-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி எடிசன் பிறந்தார். ஏழு குழந்தைகளில் அவர்தான் கடைக்குட்டி.

பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது சில மாதங்களே. பையனுக்கு மூளை குழம்பி இருக்கிறது என்று ஆசிரியர் நினைத்தார். தாயார் நான்சிக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த அம்மையார் ஆசிரியையாக இருந்தவர். மகனைப் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்தி, வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

12 வயதில் எடிசன் ரெயிலில் பத்திரிகையும் மிட்டாயும் விற்கத் தொடங்கினார். சாமான்கள் ஏற்றும் பெட்டியில் ஒரு மூலையைப் பிடித்து, மருந்துப் புட்டிகளை அடுக்கி ஆராய்ச்சியும் செய்தார். ஒருநாள் புட்டி கவிழ்ந்து தீப்பிடித்தது. ஆராய்ச்சிக் கூடம் ரெயிலில் இருந்து வெளியே வீசப்பட்டது.

அந்த வயதிலேயே அவருக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. சிறு வயதில் வந்த நோய்தான் காரணம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். நாளாக ஆக, ஒரு காது முழுவதுமே கேட்காமல் போயிற்று. மற்றொரு காதிலும் கொஞ்சம்தான் கேட்டது.

வேறு ஒருவராக இருந்தால் மனம் உடைந்து போயிருப்பார். எடிசன் அதையே ஒரு வசதியாக எடுத்துக்கொண்டார். வெளிச் சத்தம் காதில் விழாததால், வேலையில் கவனம் சிதறவில்லை!

குழந்தையைக் காப்பாற்றியதற்குப் பரிசு

1862-ம் ஆண்டு. ஒரு ரெயில் நிலையத்தில், நிலைய அதிகாரியின் சின்னக் குழந்தை தண்டவாளத்தில் விளையாடிக் கொண்டு இருந்தது. ரெயில் பெட்டி ஒன்று உருண்டு வந்தது. எடிசன் பாய்ந்து சென்று குழந்தையைத் தூக்கினார்.

குழந்தையின் தந்தை, நன்றிக்கு அடையாளமாக எடிசனுக்குத் தந்தி அனுப்பும் தொழிலைக் கற்றுக் கொடுத்தார். அதுதான் எடிசனின் வாழ்க்கையைத் திருப்பியது.

தந்திக் கருவியின் கட்... கட... சத்தம் மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது. பிற்காலத்தில் தன் மனைவி மினாவுக்கும் அவர் தந்தி எழுத்துகளைக் கற்றுக் கொடுத்தார். கையில் விரலால் தட்டியே இருவரும் பேசிக் கொள்வார்கள்!

பேசும் இயந்திரம்

1876-ம் ஆண்டில் மென்லோ பார்க் என்ற இடத்தில் எடிசன் பெரிய ஆராய்ச்சிக் கூடம் அமைத்தார். அடுத்த ஆண்டே அதிசயம் நடந்தது.

ஒரு பித்தளை உருளை. அதன்மேல் மெல்லிய வெள்ளீயத் தகடு. அருகில் ஓர் ஊசி. உருளையைக் கையால் சுழற்றிக்கொண்டே, ஆட்டுக்குட்டியைப் பற்றிய ஒரு குழந்தைப் பாட்டை எடிசன் உரக்கச் சொன்னார். குரலின் அதிர்வுக்கு ஏற்ப ஊசி மேலும் கீழும் அசைந்தது. தகட்டில் மேடும் பள்ளமுமாகக் கோடு விழுந்தது.

பிறகு ஊசியைப் பழைய இடத்தில் வைத்து மறுபடியும் சுழற்றினார். இயந்திரம் அந்தப் பாட்டைத் திருப்பிச் சொன்னது!

கூடியிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். எடிசனுக்கே நம்ப முடியவில்லை.

1093 கண்டுபிடிப்புகளுக்கு அமெரிக்காவில் எடிசன் காப்புரிமை பெற்றார். ஆனால் அத்தனையிலும் இந்தப் பேசும் இயந்திரத்தைத்தான் அவர் தன் குழந்தையைப் போல நேசித்தார்.

ஆனாலும், அதை வைத்து வீட்டில் பாட்டுக் கேட்பார்கள் என்று அவர் முதலில் பெரிதாக நினைக்கவில்லை. அலுவலகக் கடிதங்களைச் சொல்லி எழுத வைக்கப் பயன்படும் என்றே எண்ணினார். பிறகு மின்சார விளக்கு வேலையில் மூழ்கினார். 1879-ல் விளக்கு எரிந்தது. பேசும் இயந்திரம் ஏறக்குறைய 10 ஆண்டுகள் மூலையில் கிடந்தது.

காதில் குழாய்

மற்றவர்கள் மெழுகு உருளையில் சத்தத்தைப் பதியத் தொடங்கினார்கள். செய்தி அறிந்த எடிசன் துள்ளி எழுந்தார். இரவு பகலாக உழைத்து, 1888-ல் புதிய மெழுகு உருளை இயந்திரத்தைக் கொண்டு வந்தார்.

சில ஆண்டுகளில், அமெரிக்க நகரங்களில் காசு போட்டால் பாடும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அவற்றில் இருந்து ரப்பர் குழாய்கள் தொங்கும். மக்கள் காசு போட்டு, குழாயின் முனைகளைக் காதில் செருகிக்கொண்டு பாட்டுக் கேட்பார்கள்.

இன்றைய ஹெட்போனுக்கு அதுதான் பாட்டன்! பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காமல், தனக்கு மட்டும் பாட்டு. அந்த ஆசை அன்றே தொடங்கிவிட்டது.

தட்டையான போட்டி

இந்தச் சமயத்தில் எடிசனுக்கு ஒரு போட்டி முளைத்தது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எமில் பெர்லினர் என்பவர், 1887-ல் உருளைக்குப் பதிலாகத் தட்டையான தட்டை உருவாக்கினார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் கிராமபோன்.

ஆரம்பத்தில் தட்டு நன்றாகப் பாடவில்லை. கரகரவென்று இரைந்தது. ஜெர்மனியில் அதை விளையாட்டுச் சாமானாகவே விற்றார்கள்.

உருளைக்கு ஒரு சிறப்பு உண்டு. தொடக்கம் முதல் முடிவு வரை ஊசியின் அடியில் ஒரே வேகத்தில் ஓடும். தட்டு அப்படி அல்ல. வெளி ஓரத்தில் ஊசி வேகமாக ஓடும். நடுவை நெருங்க நெருங்க வேகம் குறையும். அதனால் பாட்டின் கடைசியில் தெளிவு குறையும். மேலும், உருளை இயந்திரத்தில் வீட்டிலேயே குரலைப் பதிவு செய்யலாம். கிராமபோனில் அது முடியாது.

ஆனால் தட்டில் இருந்த வசதியைப் பாருங்கள்!

ஒரு அச்சு செய்துவிட்டால், அப்பளம் போலத் தட்டுகளை அழுத்தி எடுத்துக்கொண்டே இருக்கலாம். உருளைக்கு ஆரம்பத்தில் அந்த வழி இல்லை. பாடகர் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடித் தொண்டை வற்ற வேண்டும்.

தட்டுகளைப் புத்தகம் போல அடுக்கி வைக்கலாம். நடுவில் பாட்டின் பெயரை ஒட்டலாம். இரண்டு பக்கமும் பாட்டைப் பதியலாம். உருளையோ அலமாரியை அடைத்துக்கொள்ளும்.

மக்கள் தட்டின் பக்கம் சாய்ந்தார்கள்.

செங்கோட்டைக் குரல்

நம் நாட்டுக்கும் பெருவாரியாக வந்தது தட்டுத்தான். 1902-ல் கல்கத்தாவில் பாட்டுகளைத் தட்டில் பதிவு செய்யத் தொடங்கினார்கள். 1908-ல் அங்கேயே தட்டு அச்சடிக்கும் ஆலையும் வந்தது. தட்டு செய்ய அரக்கு வேண்டும். உலகத்துக்கு அரக்கை ஏராளமாக அனுப்பிய நாடு இந்தியா.

தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிடம்தான் பாட முடியும். விரிவாகப் பாட வேண்டிய பாட்டைக் கூடச் சுருக்கினார்கள். பொறுமையாக ராகம் பாட இடம் இல்லை. ஆனாலும் தட்டு ஊர் ஊராகப் போயிற்று.

தளவாய்புரத்துக்காரர்கள் ராஜபாளையத்தில் ரெயில் ஏறினால், தென்காசி வழியாகச் செங்கோட்டைக்குப் போகலாம். அந்தச் செங்கோட்டையில் 1906-ல் பிறந்தவர் நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா. ஒலிபெருக்கி இல்லாமலே கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல் அவருக்கு. 1933-ல், 27 வயதிலேயே அவர் மறைந்துவிட்டார்.

அவருடைய குரல் மறையவில்லை. காரணம், இரைச்சலோடு பாடிய அந்தத் தட்டுகள்தான். மேடையில் கேட்ட குரலுக்கு அது ஈடாகாது. ஆனால் தட்டு இல்லை என்றால் எதுவுமே மிஞ்சியிருக்காது. வசதியை இகழ்ந்து பேச முடியாது என்பதற்கு இதுவே சாட்சி.

பல்லால் கேட்டார்!

எடிசனுக்கு இது பிடிக்கவில்லை. சுமாராகப் பாடும் தட்டு, நன்றாகப் பாடும் உருளையை வெல்வதா என்று குமுறினார். 1908-ல் 4 நிமிடம் பாடும் உருளையைக் கொண்டு வந்தார். அப்போதும் தட்டின் விற்பனையை நிறுத்த முடியவில்லை.

கடைசியில் அவரும் தட்டு செய்யத் தீர்மானித்தார். செய்தால், உலகத்திலேயே சிறந்த தட்டாகச் செய்ய வேண்டும் என்று உறுதி கொண்டார்.

காது கேளாதவர் சத்தத்தை எப்படிச் சோதிப்பார்? பாட்டுப் பெட்டியின் மரத்தைப் பல்லால் கடித்துக் கொள்வார்! அதிர்வு, பல் வழியாக எலும்பில் ஏறி உள்காதுக்குப் போகும். சிறிய பிசகையும் அப்படியே கண்டுபிடித்து விடுவார்.

1912-ல் அவருடைய வைர ஊசித் தட்டு கடைக்கு வந்தது. அதன் கனம் சுமார் 6 மில்லி மீட்டர். எளிதில் வளையாது. சாதாரண கிராமபோனில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரும்பு ஊசியை மாற்ற வேண்டும். எடிசன் பெட்டியில் அந்த வேலை இல்லை. வைர ஊசி எளிதில் தேயாது. ஒரு பக்கத்தில் 4 நிமிடத்துக்கு மேல் பாடியது. சத்தமோ, அந்தக் காலத்தில் ஈடு இணை இல்லாதது.

தீயில் எரிந்தும் கலங்கவில்லை

1914-ம் ஆண்டு டிசம்பர் மாதம் எடிசனின் தொழிற்சாலை தீப்பிடித்தது. பல கட்டிடங்கள் எரிந்து சாம்பலாயின. எடிசனுக்கு அப்போது வயது 67.

அவர் கலங்கவில்லை. உடனே கட்டிட வேலையைத் தொடங்கினார். சில வாரங்களிலேயே தட்டுகள் மீண்டும் தயாராயின.

அடுத்த ஆண்டு முதல் ஒரு புதுமையான சோதனையை ஊர் ஊராக நடத்தினார்கள். மேடையில் ஒரு பாட்டுப் பெட்டி. பக்கத்தில் ஒரு பாடகி. பெட்டி பாடும், பாடகியும் சேர்ந்து பாடுவார். திடீரென்று விளக்கை அணைப்பார்கள். பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். மறுபடி விளக்கைப் போட்டால், மேடையில் பாடகி இருக்க மாட்டார்! பாடியது பெட்டிதான்!

ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். பெட்டியின் அளவுக்குத் தங்கள் குரலை அடக்கிப் பாடிய பாடகிகளின் திறமையும் அதில் கலந்திருந்தது. எப்படியானாலும், தரத்தில் எடிசன் தட்டை மிஞ்ச அன்று ஆள் இல்லை.

எங்கே தவறினார்?

கைதட்டிய கூட்டம், கடைக்குப் போனதும் யோசித்தது.

எடிசன் தட்டு, எடிசன் பெட்டியில் மட்டுமே ஒழுங்காகப் பாடும். வீட்டில் வேறு கம்பெனி கிராமபோன் இருந்தால் பயன் இல்லை. எடிசன் பெட்டியிலோ மற்றவர்களின் தட்டைப் போட முடியாது. அதற்குத் தனிக் கருவி வாங்கிப் பொருத்த வேண்டும். தட்டுகளும் கனமானவை.

இன்னொரு தவறும் நடந்தது. எந்தப் பாட்டைப் பதிய வேண்டும், யார் பாட வேண்டும் என்பதை எடிசனே முடிவு செய்தார். குரல் நடுங்கிப் பாடுவது அவருக்குப் பிடிக்காது. புதிய ஜாஸ் இசையும் பிடிக்காது. மக்கள் விரும்பிக் கேட்ட பலரை அவர் ஒதுக்கினார்.

ரஷ்ய நாட்டுப் பியானோ மேதை ரக்மனினோவ், 1919-ல் எடிசன் கம்பெனிக்கு வாசித்தார். அவருடைய அருமையை எடிசன் உணரவில்லை. 1920-ல் அவர் போட்டிக் கம்பெனியான விக்டருக்குப் போய்விட்டார். புகழ் பெற்ற பாடகர் கரூஸோவும் விக்டர் கம்பெனியில்தான் இருந்தார்.

மக்கள் வாங்குவது சத்தத்தை மட்டும் அல்ல. தங்களுக்குப் பிடித்த பாட்டையும்தான். சத்தத்தை அளக்கத் தெரிந்த எடிசனுக்கு, இது மட்டும் புரியவில்லை.

ரேடியோ வந்தது

1920-ல் அமெரிக்காவில் ரேடியோ நிலையங்கள் தொடங்கின. அந்தக் கால ரேடியோவில் இரைச்சல் அதிகம். ஆனால் தட்டு வாங்க வேண்டாம். சாவி கொடுக்க வேண்டாம். திருகினால் பாட்டு! மறுபடியும் வசதியே வென்றது.

எடிசனுக்கு ரேடியோ பிடிக்கவில்லை. தொழிலைக் கவனித்த மகன்கள் சொல்லிப் பார்த்தார்கள். நெடுநாள் வரை அவர் சம்மதிக்கவில்லை.

1925-ல் மற்ற கம்பெனிகள் மைக் வைத்து மின்சார முறையில் பதிவு செய்யத் தொடங்கின. சத்தத்தின் தரத்திலும் அவை எடிசனை முந்தின. எடிசன் கம்பெனி அந்த முறைக்கு மாறியது 1927-ல்தான். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

1929-ம் ஆண்டு அக்டோபர் மாதம் எடிசன் கம்பெனி இசைத்தட்டுத் தொழிலைக் கைவிட்டது. பாட்டுப் பெட்டியை உலகத்துக்குத் தந்தவர், பாட்டுத் தொழிலில் இருந்தே விலகினார்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். உருளைப் பெட்டி வாங்கியவர்களில் பலர் கிராமத்து மக்கள். மற்றவர்கள் உருளையைக் கைவிட்டு ஆண்டுக் கணக்கான பிறகும், அந்த வாடிக்கைக்காரர்களுக்காக எடிசன் கடைசி வரை உருளைகளைச் செய்து கொடுத்தார். தன்னை நம்பிப் பணம் போட்டவர்களை அவர் நடுவழியில் விடவில்லை.

1931-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி, 84-வது வயதில் எடிசன் காலமானார். அடக்கம் நடந்த அன்று இரவு, அமெரிக்க மக்கள் விளக்குகளைச் சிறிது நேரம் அணைத்து அஞ்சலி செலுத்தினார்கள்.

இன்று எது வாங்கலாம்?

எடிசன் இறந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. உருளை போய், தட்டு போய், கேசட்டும் போய், இப்போது பாட்டு செல்போனில் இருக்கிறது. கேள்வி மட்டும் மாறவில்லை.

வயர் இல்லாத ஹெட்போனுக்குப் பாட்டு ரேடியோ அலையாகப் போகிறது. புளூடூத் என்பது அதுதான். அந்த வழி குறுகியது. அதனால் செல்போன் பாட்டைச் சுருக்கி அனுப்புகிறது. சுருக்கும்போது நுட்பமான சில ஒலிகள் விட்டுப் போகலாம். படம் பார்த்தால், உதடு அசைந்து சற்றுப் பொறுத்தே குரல் வருவதும் உண்டு. உள்ளே இருக்கும் பேட்டரி, சில ஆண்டுகளில் பலம் குறையும். இயர்பட்ஸ் என்றால், ஒன்று தொலைந்தாலும் நஷ்டம்.

வயர் உள்ளதற்கு இந்தக் குறைகள் இல்லை. ஆனால் வயர் சிக்கும். மடங்கி மடங்கி அறுந்தும் போகும். பல புதிய செல்போன்களில் அதைச் செருகும் துளையே கிடையாது.

தையல் மிஷின் ஓடும் இடத்தில், சுருக்கிய பாட்டுக்கும் சுருக்காத பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் காதில் விழாது. அங்கே கை தடையின்றி ஓடுவதுதான் முக்கியம். வயர் இல்லாததே நல்லது. அதிலும் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டால், யாராவது கூப்பிட்டால் கேட்கும். பாட்டைச் சன்னமாக வைத்தால் காதுக்கும் நல்லது.

இரவில் வீடு அடங்கிய பிறகு, வயலினும் நாதஸ்வரமும் கேட்டு ரசிப்பவருக்கு நியாயம் வேறு. அவருக்கு வயர் உள்ளதே குறைந்த செலவில் நிறைந்த இன்பம் தரும்.

விளம்பரத்தை நம்பி முடிவு செய்ய வேண்டாம். நன்றாகப் பழகிய ஒரு பாட்டைக் கடையிலேயே போட்டுக் கேட்கலாம். காதில் வலிக்காமல் பொருந்துகிறதா என்று பார்க்கலாம். தன் செல்போனோடு சேர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எடிசன் தட்டை வாங்கி, பொருந்தாத பெட்டியோடு தவித்தவர்களின் கதை நமக்கு வேண்டாம்.

காது கேளாத எடிசன், பல்லால் கடித்துச் சத்தத்தின் தரத்தைத் தேடினார். அந்தத் தவம் பெரிது. ஆனால் பாட்டு எங்கே, எப்போது, யாருக்குத் தேவைப்படுகிறது என்பதை அவர் கேட்கத் தவறினார்.

தளவாய்புரத்துத் தையல்காரர் அந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொண்டால் போதும். எதை வாங்குவது என்பது தானாகவே விளங்கிவிடும்.